சபையில் இருக்கும் தம்பதிக்கே குழந்தையைக் கொடுத்துவிடலாமா? – வடசென்னை வாசகிக்கு வழக்கறிஞர் பதில்

காசிமேட்டுக்கும் தண்டையார்பேட்டைக்கும் நடுவே உள்ள ஒரு சபையில் ஊழியம் செய்யும் 46 வயது சகோதரி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

"எதிர்பாராமல் கருத்தரித்து, வீட்டில் சொல்ல முடியாமல் தவிக்கும் பெண்களுக்காக, சபைக் கட்டடத்தின் பின்னறையில் நாங்கள் ஆறு பேர் சம்பளம் வாங்காமல் ஒரு மையம் நடத்துகிறோம். கார்டு டெஸ்ட் செய்து தருவோம், பேசுவோம், ஜெபிப்போம். பெற்றுக்கொள்கிறேன் என்று சொல்பவர்களுக்கு சத்துமாவு, துணிமணி, பிரசவச் செலவு என்று முடிந்ததைச் செய்வோம். எம்.சி. ரோட்டில் ஜவுளிக் கடையில் வேலை பார்க்கும் 22 வயதுப் பெண் மூன்று வாரத்துக்கு முன் எங்களிடம் வந்தாள். கல்யாணம் செய்துகொள்கிறேன் என்று சொன்ன பையன் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறான். இப்போது போனையே எடுப்பதில்லை. தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு கடைசியாகத் தலைக்குக் குளித்தாளாம். பண்டிகை வியாபார நெரிசலில் நாள் தள்ளிப்போனதைக் கவனிக்கவில்லை. 'கலைத்துவிடலாமா ஆன்ட்டி?' என்று கேட்டாள். கல்யாணமாகாத பெண்ணுக்கு அது சட்டப்படி முடியாது, கணவர் கையெழுத்தோ பெற்றோர் கையெழுத்தோ வேண்டும், கலைத்தால் பிறகு குழந்தையே தங்காது, மார்பில் புற்றுநோய்கூட வரும் என்று எங்கள் மூத்த ஊழியர் சொன்னார்.

எங்கள் சபையில் 11 வருடமாகக் குழந்தையில்லாத தம்பதி இருக்கிறார்கள். தெரிந்த நர்சிங் ஹோமில் அந்த மனைவியின் பெயரிலேயே இவளை அட்மிட் செய்தால் பிறப்புச் சான்றிதழ் நேராக அவர்கள் பெயரில் வந்துவிடும் என்கிறார்கள். பிரசவச் செலவோடு பெண்ணுக்கு 50,000 ரூபாயும் தருவார்களாம். அதுவரை ஓர் ஊழியர் வீட்டு மாடியில் தங்கிக்கொள்ளட்டும், வீட்டில் பெங்களூருக்கு வேலைக்குப் போவதாகச் சொல்லிக்கொள்ளட்டும் என்று பேச்சு. அவள் ஆதார் கார்டைப் பத்திரமாக நாங்களே வாங்கி வைத்திருக்கிறோம். போன வருடம் ப்ளஸ் டூ படிக்கும் பிள்ளை ஒருத்தி இப்படித்தான் வந்தாள். ஜெபித்து, பாட்டி ஊருக்கு அனுப்பிவிட்டோம். நாங்கள் செய்வதில் தப்பு இருக்கிறதா? மையத்தையே மூடிவிடுங்கள் என்று என் கணவர் சொல்கிறார்."

சகோதரி, முதல் நாள் அந்தப் பெண் வாயே திறக்காமல் பிளாஸ்டிக் நாற்காலியின் கைப்பிடியைச் சுரண்டிக்கொண்டே இருந்ததாகவும், நீங்கள் ஒன்றும் கேட்காமல் ரசம் சாதம் போட்டுக் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததாகவும், தட்டைக் கழுவி வைத்த பிறகுதான் பேச ஆரம்பித்ததாகவும் கடிதத்தில் வேறோர் இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். இந்த மாதிரி வழக்குகளோடு என்னிடம் வரும் பெண்களில் பலருக்கு அப்படி உட்கார ஓர் ஆள் கிடைத்ததே இல்லை. அதனால் மையத்தை மூட வேண்டாம். ஆனால் அந்தப் பெண்ணுக்கு அங்கே சொல்லப்பட்டவற்றில் பெரும்பாலானவை உண்மையில்லை. நர்சிங் ஹோம் திட்டம் கிரிமினல் குற்றம். அவசரமானதை முதலில் சொல்கிறேன்.

முதலில் வாரக் கணக்கு

கர்ப்பத்தை நாள் தள்ளிப்போன தேதியிலிருந்து எண்ணக் கூடாது. கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். நீங்கள் சொன்ன தேதியை வைத்துப் பார்த்தால், அவர் உங்களிடம் வந்தபோது 13 வாரம் போல இருந்திருக்கும். கடிதம் எழுதிய அன்று 16-ஐ ஒட்டி வந்துவிட்டது. இதை நீங்கள் வாசிக்கும்போது இன்னும் ஒரு வாரம் கூடியிருக்கும். ஸ்கேன் எடுத்தால்தான் சரியாகத் தெரியும், இன்னும் எடுக்கவில்லை என்கிறீர்கள்.

சட்டத்தில் 20 வாரம் என்பது முக்கியமான எல்லை. அதற்குள் ஒரே ஒரு பதிவு பெற்ற மருத்துவரின் கருத்து போதும். 20-இலிருந்து 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்கள் வேண்டும், அதுவும் விதிகளில் சொல்லப்பட்ட சில நிலைமைகளில் உள்ள பெண்களுக்குத்தான். 24-க்கு மேல் போனால், பெண்ணின் உயிரைக் காப்பாற்ற உடனே தேவைப்பட்டாலோ, கருவில் கடுமையான குறைபாடு இருக்கிறது என்று மருத்துவக் குழு சொன்னாலோதான் வழி. ஆக, அவருக்குக் கையில் இருப்பது சில வாரங்கள்தான். மூன்று வாரம் ஏற்கெனவே போய்விட்டது, அதுவும் 'உனக்கு வேறு வழியே இல்லை' என்று அவரை நம்பவைத்துப் போயிருக்கிறது. அவர் பெற்றுக்கொள்வதாகவே முடிவெடுத்தாலும், வேறு வழியும் உண்டு என்று தெரிந்து எடுத்தால்தான் அது அவருடைய முடிவு.

எனவே நாளைக் காலையே அவரை ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மகப்பேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வையுங்கள். கலைப்பதற்கு என்று நினைத்து அனுப்ப வேண்டாம். பெற்றுக்கொள்வதாக இருந்தாலும் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, இரும்புச்சத்து மாத்திரை எல்லாம் இப்போதே தேவை.

கணவர் கையெழுத்து, பெற்றோர் கையெழுத்து

1971-ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டப்படி, 18 வயது நிரம்பிய, மனநலம் சீராக உள்ள பெண்ணுக்கு அவருடைய சம்மதம் ஒன்றே போதும். கணவர், காதலர், பெற்றோர், போதகர் யாருடைய கையெழுத்தும் சட்டத்தில் இல்லை. சில ஆஸ்பத்திரிகளில் பழக்கத்தில் கேட்பார்கள். கேட்டால் கண்காணிப்பாளரைப் பார்த்துப் பேசலாம். அதற்கும் மசியவில்லை என்றால் 15100 என்ற எண்ணில் சட்ட உதவி கிடைக்கும். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசம். உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேராகவும் போகலாம், உங்கள் பகுதியிலிருந்து பாரிமுனை பக்கம்தான்.

உங்கள் மூத்த ஊழியர் வேண்டுமென்றே பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. கருத்தடை முறை தோற்றுப் போனதைப் பற்றிய பழைய சட்டப் பிரிவில் 'மணமான பெண் அல்லது அவரது கணவர்' என்றுதான் இருந்தது. 2021 திருத்தத்தில் அது 'எந்தப் பெண்ணும் அல்லது அவரது துணைவரும்' என்று மாறியது. 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி போய், 20 முதல் 24 வாரம் வரையிலான விதியிலும் மணமாகாத பெண்ணைத் தள்ளி வைக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. பழைய காலத்தில் கேட்டதை அவர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆனால் நம்பி வந்தவர்களிடம் பேசுகிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

அதே சமயம், கேட்டவுடன் கொடுக்க வேண்டும் என்றும் நம் சட்டம் சொல்லவில்லை. கர்ப்பம் தொடர்ந்தால் பெண்ணின் உயிருக்கு ஆபத்து, அல்லது உடலுக்கோ மனதுக்கோ கடும் பாதிப்பு வரும் என்று மருத்துவர் நல்லெண்ணத்தோடு கருத வேண்டும். அப்படிக் கருதும்போது அவருடைய வாழ்க்கைச் சூழலையும் கணக்கில் எடுக்கலாம். கைவிடப்பட்ட, வீட்டில் சொல்ல முடியாத ஒரு பெண்ணின் நிலைமையை மருத்துவரிடம் அவரே மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பது இதனால்தான். இந்த விவரங்களை வெளியே சொல்ல மருத்துவருக்கு உரிமை இல்லை. மீறினால் ஓராண்டு வரை சிறை உண்டு.

புற்றுநோய், குழந்தை தங்காது என்பவை பற்றி: நான் மருத்துவர் இல்லை, ஆனால் இது கோர்ட்டிலும் அடிக்கடி வரும் பேச்சு. கருக்கலைப்பால் மார்பகப் புற்றுநோய் அபாயம் கூடுவதில்லை என்று அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 2003-இல் நிபுணர்களைக் கூட்டி ஆராய்ந்து சொல்லிவிட்டது. முறையான இடத்தில் முறையாகச் செய்தால் பிற்பாடு கருத்தரிப்பதும் கெடாது. கெடுவது வேறு இடத்தில்: மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி வீட்டில் போட்டுக்கொள்ளும் மாத்திரையில். மாத்திரை மூலம் கலைப்பதற்கு நம் விதிகளில் 9 வாரம்தான் எல்லை, அதுவும் மருத்துவர் எழுதிக் கொடுத்து. அந்தப் பெண் அதையெல்லாம் தாண்டிவிட்டார். 'உங்களால் முடியாது' என்று எல்லோரும் கதவை மூடினால் ஒரு பெண் போய் நிற்பது அந்த மெடிக்கல் ஷாப் வாசலில்தான். மூன்று மாதத்துக்கு மேல் செய்யும் கலைப்பில், ஆரம்பத்தில் செய்வதைவிட ஆபத்து கூடுதல் என்பதும் உண்மை. அதையும் அவரிடம் சொல்லலாம், சொல்ல வேண்டும்.

கருவில் இருப்பதும் உயிர், அதைக் கலைக்கக் கூடாது என்பது உங்கள் விசுவாசம். அதை மாற்றிக்கொள்ளச் சொல்ல நான் யார்? கருக்கலைப்புக்கு நீங்கள் ஏற்பாடு செய்ய வேண்டும், கூடப் போக வேண்டும் என்று எந்தச் சட்டமும் உங்களைக் கட்டாயப்படுத்தாது. உள்ளே வரும் பெண்ணிடம் முதலிலேயே, 'நாங்கள் ஆஸ்பத்திரி இல்லை, எங்கள் நம்பிக்கை இது, கலைப்பதற்கு நாங்கள் உதவ மாட்டோம், அதைப் பற்றி டாக்டரிடம் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது' என்று சொல்லிவிடுங்கள். அதைக் கேட்ட பிறகும் உங்களோடு இருக்க விரும்புகிற பெண்களுக்கு நீங்கள் மனசாட்சி உறுத்தாமல் எல்லாம் செய்யலாம்.

நர்சிங் ஹோம் யோசனை

இதை இன்றே கைவிடுங்கள். 11 வருடம் காத்திருக்கும் அந்தத் தம்பதியின் வேதனை எனக்குப் புரிகிறது, அவர்களைக் குற்றவாளியாகப் பார்த்து இதைச் சொல்லவில்லை. ஆனால் சட்ட நடைமுறைக்கு வெளியே குழந்தையைக் கொடுப்பதும் வாங்குவதும் இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 80-ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். நடுவில் 50,000 ரூபாய் வந்துவிட்டால் 81-ஆம் பிரிவில் அது குழந்தை விற்பனை. ஐந்து ஆண்டு வரை கடுங்காவல், நர்சிங் ஹோம் ஊழியர்களுக்கு ஏழு ஆண்டு வரை. ஒருவர் பெயரில் இன்னொருவரை அட்மிட் செய்வது தனியாக மோசடி வழக்கு. தமிழ்நாட்டில் பிறப்பைப் பதியக் கர்ப்பப் பதிவு எண், அதாவது பிக்மி எண் கேட்பார்கள். அதற்காகக் கர்ப்பமே ஆகாத ஒரு பெண்ணுக்குக் கர்ப்பப் பதிவையே பொய்யாக உண்டாக்க வேண்டிவரும். ஒரு பொய் அதோடு நிற்காது.

நோட்டரி முன்னால் பத்திரம் எழுதினால் போதாதா என்று யாராவது கேட்பார்கள். போதாது. இந்துத் தத்தெடுப்புச் சட்டத்தில் வீட்டோடு தத்துக் கொடுக்கும் வழி உண்டு, ஆனால் தத்தெடுப்பவர் இந்துவாக இருக்க வேண்டும். உங்கள் சபைத் தம்பதிக்கு அது பொருந்தாது. அவர்களுக்குச் சரியான வழி, மத்திய அரசின் தத்தெடுப்பு வள ஆணையமான 'காரா'வின் இணையதளத்தில் பதிந்து வரிசையில் காத்திருப்பது. காத்திருப்பு வருடக் கணக்கில் ஆகும், அதைச் சொல்லாமல் ஆசை காட்டாதீர்கள். இந்தப் பெண்ணின் குழந்தைதான் வேண்டும் என்று கேட்கவும் முடியாது.

பெண்ணின் பக்கம் பார்த்தால், வளர்க்க முடியாது என்று அவர் முடிவெடுத்தால் குழந்தைகள் நலக் குழு முன்பு ஒப்படைக்கலாம். குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழைத்தால் வழி சொல்வார்கள். மணமாகாத தாய் என்றால் அவர் ஒருவர் கையெழுத்து போதும். குழு முதலில் அவரிடம் உட்கார்ந்து பேசும். ஒப்படைத்த பிறகும் மனம் மாறினால் குழந்தையைத் திரும்பப் பெற இரண்டு மாத அவகாசம் சட்டத்திலேயே இருக்கிறது. பிரசவமாகி, பால் கட்டி, ராத்திரி தூங்காமல் கிடக்கும் அந்த நாட்களில் 'என் பிள்ளை எனக்கு வேண்டும்' என்று தோன்றினால் கேட்க அவருக்கு ஓர் இடம் இருக்கும். நீங்கள் சொல்லும் வழியில் அவர் யாரிடம் போய்க் கேட்பார்? ஆஸ்பத்திரிக் காகிதத்தில் அவர் பெயரே இருக்காதே.

அவரே வளர்ப்பதாக இருந்தால்

உங்கள் கடிதத்தில் இந்த வழியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. குழந்தையைப் பெற வேண்டும், ஆனால் அவர் வளர்க்க மாட்டார் என்று நீங்களே தீர்மானித்துவிட்ட மாதிரி இருக்கிறது. அவரிடம் கேட்டீர்களா?

தந்தை பெயர் இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் வாங்கலாம். மணமாகாத தாய் தன் குழந்தைக்குத் தானே பாதுகாவலர் ஆகலாம், தந்தைக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் சொல்லியிருக்கிறது. வேலையை விடச் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள், அவசரப்பட வேண்டாம். 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கடையில், பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் 26 வாரம் சம்பளத்தோடு பேறுகால விடுப்பு உண்டு. தாலி இருக்கிறதா என்று அந்தச் சட்டம் கேட்பதில்லை. சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா என்று சம்பளச் சீட்டைப் பாருங்கள். பிடித்தால் அந்தப் பணம் இ.எஸ்.ஐ. வழியாக வரும், அயனாவரம் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியிலும் பார்த்துக்கொள்ளலாம்.

அந்தப் பையன் விஷயத்தில் இரண்டைப் பிரித்துப் பாருங்கள். குழந்தைக்குப் பராமரிப்புத் தொகை கேட்பது ஒன்று. மணவாழ்வுக்கு வெளியே பிறந்த குழந்தைக்கும் அந்த உரிமை உண்டு, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவில் கேட்கலாம். மறுத்தால் டி.என்.ஏ. சோதனை கேட்க முடியும். இன்னொன்று, ஏமாற்றியதற்கான கிரிமினல் புகார். நிறைவேற்றும் எண்ணமே இல்லாமல் கல்யாணம் என்று சொல்லி உறவு கொண்டிருந்தால், புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 69-ஆம் பிரிவில் 10 ஆண்டு வரை தண்டனை. உண்மையாகவே கட்டிக்கொள்ள நினைத்துப் பின்னால் பின்வாங்கியவன் என்றால் அந்தப் பிரிவு நிற்காது. புகார் கொடுப்பதா வேண்டாமா என்பது அந்தப் பெண் சொல்ல வேண்டியது. சபைப் பெரியவர்கள் போய்ப் பையன் வீட்டில் பேசி ஒரு தொகைக்கு முடிப்பது வேண்டவே வேண்டாம்.

மாடி அறையும் ஆதார் கார்டும்

வயது வந்த பெண் ஒருவர் தன் விருப்பப்படி உங்கள் ஊழியர் வீட்டில் விருந்தாளியாக இருப்பதில் குற்றம் இல்லை. ஆனால் இப்படி ஒவ்வொருவராகத் தங்க வைக்க ஆரம்பித்தால் அது இல்லம் ஆகிவிடும். பெண்கள், குழந்தைகளுக்கான விடுதிகள், இல்லங்கள் பற்றிய 2014-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி கலெக்டரிடம் உரிமம் வாங்க வேண்டும். தங்க இடம் தேவை என்றால் பெண்கள் உதவி எண்ணான 181-க்கு அழையுங்கள், அரசின் ஒன் ஸ்டாப் சென்டர் மூலம் ஏற்பாடு செய்வார்கள்.

ஆதார் கார்டை இன்றே திருப்பிக் கொடுங்கள். நல்ல எண்ணத்தில் வாங்கி வைத்திருக்கலாம். வெளியே இருந்து பார்க்கும் போலீஸ்காரருக்கோ நீதிபதிக்கோ, ஒரு கர்ப்பிணியின் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, வீட்டில் பொய் சொல்லச் சொல்லி, ஒரு மாடி அறையில் வைத்திருக்கிறார்கள், குழந்தைக்கு ஆள் ரெடி என்றுதான் தெரியும். அந்தப் பெண்ணுக்கும் ஒரு நாள் அப்படித் தோன்றலாம். பெங்களூர் கதையும் வேண்டாம். வீட்டில் நம்பக்கூடிய ஓர் அக்காவோ சித்தியோ இருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள், பல வீடுகளில் இருக்கிறார்கள்.

ஜெபக் குழு வாட்ஸ்அப்பில் 'எம்.சி. ரோடு ஜவுளிக் கடையில் வேலை செய்யும் ஒரு பிள்ளைக்காக' என்று போட்டிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பெயர் இல்லையே என்று சமாதானம் ஆகாதீர்கள். உங்கள் பகுதியில் யார் எந்தக் கடையில் நிற்கிறார்கள் என்பது எல்லா வீட்டுக்கும் தெரியும். அதை அழித்துவிடச் சொல்லுங்கள்.

ப்ளஸ் டூ பிள்ளை

கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் உங்கள் ஆறு பேருக்கும் சட்டப்படி இதுதான் பெரிய சிக்கல். 18 வயதுக்குக் கீழ் உள்ள பெண் கருத்தரித்திருந்தால், அவர் விருப்பத்தோடு நடந்ததாகச் சொன்னாலும் அது போக்சோ வழக்கு. விஷயம் தெரிந்த எவரும் போலீஸுக்குச் சொல்லியாக வேண்டும் என்கிறது 19-ஆம் பிரிவு. சொல்லாமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். மேலே சொன்ன 2022 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் பெயரை வெளியிடாமல் தகவல் தர மருத்துவருக்கு இடம் கொடுத்தது. உங்களைப் போன்ற சபை ஊழியர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. சிறுமி என்றால் கருக்கலைப்புக்குப் பாதுகாவலரின் எழுத்துச் சம்மதமும் வேண்டும்.

அந்தப் பிள்ளை இப்போது எங்கே, பிரசவம் ஆனதா, பள்ளிக்குப் போகிறாளா, அவளிடம் அப்படி நடந்துகொண்டவர் இன்னும் அவள் பக்கத்திலேயே இருக்கிறாரா? உங்கள் கடிதத்தில் இதற்குப் பதில் இல்லை. பாட்டி ஊருக்கு அனுப்பினால் வெட்கம் மறையும், ஆபத்து அவளோடு கூடவே போகவும் கூடும். இந்த வாரத்துக்குள் போதகரையும் அழைத்துக்கொண்டு ஒரு வழக்கறிஞரிடமோ சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடமோ போய் எல்லாவற்றையும் சொல்லுங்கள். எப்படித் தகவல் கொடுப்பது, அந்தப் பிள்ளையை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று வழி காட்டுவார்கள். இனிமேல் 18-க்குக் கீழ் யார் வந்தாலும் அன்றைக்கே 1098.

ஆர்.எஸ்.ஆர்.எம். போகும் நாளில் யாராவது கூட வர வேண்டுமா, யார் வர வேண்டும் என்று அந்தப் பெண்ணிடமே கேளுங்கள். உங்களைக் கூப்பிட்டால் போங்கள். ஓ.பி. சீட்டு காலையிலேயே வாங்க வேண்டும், கூட்டம் இருக்கும், சாப்பிட ஏதாவது கட்டிக்கொண்டு போங்கள். டாக்டர் அறைக்குள் அவர் தனியாகப் போகட்டும். வெளியே வந்து என்ன முடிவு சொன்னாலும், ஒரு வாரம் கழித்து அவருக்கு ஒரு போன் செய்யுங்கள்.